விடை தரும் பொறியும் வினா எழுப்பும் பொறியும்

சாட்பாட் என்பது, மனிதர் எழுதும் அல்லது பேசும் கேள்வியை ஏற்று, உரையாடல் நடையிலேயே மறுமொழி தரும் கணினி நிரல் ஆகும். ரயில் முன்பதிவிலும் வங்கிச் சேவையிலும் முன்பே புழங்கிவந்த இந்த நிரல்வகை, 2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதோடு கல்விக்குள்ளும் வேகமாக நுழைந்தது. அதற்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலோ அரசாணையோ தேவைப்படவில்லை, மாணவர்களின் கைபேசியே போதுமானதாக இருந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான துவாக்குடி வளாகம், 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகம், அதனோடு இணைந்த கல்லூரிகள் என்று கல்வியைத் தன் அடையாளங்களுள் முதன்மையாகக் கொண்ட திருச்சி நகரத்தில் இது ஒதுக்கிவிடத்தக்க மாற்றம் அன்று. லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் காலைப் பேருந்தில் சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் மாணவர்களுள் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். பாடத்தில் ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லாதவர்கள். நள்ளிரவிலும், எத்தனை முறை கேட்டாலும், முகம் சுளிக்காமல் விடை சொல்லும் துணை அவர்களுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பாகத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாய்ப்பு மெய்யானதா என்று சோதித்துப் பார்த்த ஆய்வுகளே இவ்வத்தியாயத்தின் பொருள்.

ஆய்வுகளுக்குள் செல்லும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கருவி கையில் இருக்கும்போது மாணவர் செய்துகாட்டுவது செயல்திறன். கருவியை எடுத்துவிட்ட பிறகும், நாள்கள் பல சென்ற பிறகும் அவரால் செய்ய முடிவது கற்றல். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்று உயரும்போது மற்றது தாழவும் கூடும் என்பதை உளவியல் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. சாட்பாட் பற்றிய விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் செயல்திறனை. கல்வி ஆய்வு அளக்கக் கடமைப்பட்டிருப்பது கற்றலை.

இயந்திரத்தோடு உரையாடும் முயற்சிக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்னும் நிரல், உளநல மருத்துவரைப் போல, எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்த வாக்கியத்தையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தந்தது. அதற்குள் அறிவு என்று எதுவும் இல்லை. இன்ன சொல்லைக் கண்டால் இன்னவாறு மாற்று என்ற விதிகள் மட்டுமே இருந்தன. அப்படியிருந்தும் மனிதர்கள் அதனிடம் மனம் திறந்து பேசியதைக் கண்டு வைசன்பாமே கலங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹைமே கார்பொனெல் உருவாக்கிய ஸ்காலர் வேறு நோக்கம் கொண்டது. தென் அமெரிக்கப் புவியியலின் கருத்துகளையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் வலைபோல் கோத்துவைத்திருந்த அந்த நிரல், மாணவர் கேட்டதற்கு விடை சொன்னதோடு நிற்காமல், தானும் மாணவரைக் கேள்வி கேட்டது. கல்விக்கென்றே அமைக்கப்பட்ட முதல் உரையாடு நிரல்களுள் ஒன்று வினா எழுப்பும் பொறியாகப் பிறந்தது என்பது பின்னால் வரும் செய்திகளுக்கு முக்கியமானது.

இன்றைய சாட்பாட்டின் உள்ளமைப்பு இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. 2017இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கணிப்பு அமைப்பின்மீது கட்டப்பட்ட பெருமொழி மாதிரிகள், கோடிக்கணக்கான பக்கங்களை உட்கொண்டு, ஒரு சொல்துண்டுக்குப் பின் எந்தச் சொல்துண்டு வரக்கூடும் என்பதைக் கணிக்கப் பழகியவை. டோக்கன் எனப்படும் அந்தத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத்தான் விடை உருவாகிறது. அதனால்தான் நடை எப்போதும் சரளமாக இருக்கிறது, செய்தி எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து தூய வளனார் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, 'என் இனிய இயந்திரா' தொடரில், படித்தும் வாதாடியும் தானாகவே சிந்திக்கத் தொடங்கிவிட்ட ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஜீனோவுக்குத் தான் சொல்வது இன்னதென்று புரிந்தது. இன்றைய மொழி மாதிரிக்கு அவ்வாறு புரிகிறதா என்பது அறிஞர்களுக்கிடையே தீராத விவாதமாகவே இருக்கிறது; ஆனால் தவறான விடையையும் சரியான விடையையும் அது ஒரே உறுதியோடு சொல்கிறது என்பதில் விவாதம் இல்லை.

கல்வியாளர்கள் இத்தகைய பொறியை ஆவலோடு எதிர்நோக்கியதற்கு ஒரு பழைய கணக்கு காரணம். தனியாக ஆசிரியர் வைத்துக் கற்ற மாணவர்களுள் நடுத்தரமானவர், வழக்கமான வகுப்பில் கற்ற நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை மிஞ்சிவிடுகிறார் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக்கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு திட்டவிலக்கம் எனப்படும்; புளூம் கண்டது இரண்டு திட்டவிலக்க உயர்வு. இந்த எண் மிகைப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கர்ட் வான்லென், மனித ஆசிரியரின் தனிப்பயிற்சியால் வரும் உயர்வு ஏறத்தாழ 0.79 திட்டவிலக்கம் என்றும், கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் கணினிப் பயிற்றுநர்கள் 0.76 வரை எட்டிவிடுகின்றன என்றும் கண்டார். இரண்டிலிருந்து 0.79க்கு இறங்கிய பிறகும் அது சிறிய எண் அன்று. நூறு பேர் கொண்ட வரிசையில் கீழிருந்து ஐம்பதாம் இடத்தில் நிற்கும் மாணவரை ஏறத்தாழ எழுபத்தெட்டாம் இடத்துக்கு உயர்த்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆசிரியர் வைக்க எந்த அரசாலும் இயலாது என்பதே சிக்கல்.

அந்தச் சிக்கலுக்குத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகள் தமக்கே உரிய விடை ஒன்றை வைத்திருந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். ஆசிரியர் சட்டாம்பிள்ளையைக் கவனித்துக்கொள்வார். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்து, அம்முறையையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் தம் இல்லத்தில் பின்பற்றி, 1797இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரவியது. ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு துணையை நிறுத்தும் எண்ணம் இன்றைய சாட்பாட்டுக்கு இருநூறு ஆண்டு மூத்தது. அந்தத் துணை பிள்ளைக்குப் பதிலாக எழுதிக் கொடுத்ததா, பிள்ளையை எழுத வைத்ததா என்பதில்தான் அதன் பயன் அடங்கியிருந்தது.

இதே கேள்வியை மிகக் கூர்மையாகச் சோதித்த ஆய்வு துருக்கியில் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானியும் அவருடைய குழுவினரும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு கணிதப் பாடத்தில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். ஆசிரியர் முதலில் பாடத்தை நினைவூட்டுவார். பிறகு மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளைப் போடுவார்கள். இறுதியில் எந்த உதவியும் இல்லாமல் தேர்வு எழுதுவார்கள். பயிற்சிக் கட்டத்தில் மட்டும் வேறுபாடு: ஒரு பிரிவுக்குப் பாடநூலும் குறிப்பேடும், இன்னொன்றுக்கு ஜிபிடி-4 அடிப்படையிலான சாதாரண சாட்பாட், மூன்றாவதற்கு அதே சாட்பாட்டின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவம். அந்த மூன்றாவது வடிவத்துக்கு ஒவ்வொரு கணக்கின் சரியான தீர்வும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளும் ஆசிரியர்களால் முன்கூட்டியே ஊட்டப்பட்டிருந்தன. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அது பணிக்கப்பட்டிருந்தது. எந்தப் பிரிவுக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே நல்ல மாணவர்கள் ஒரே பக்கம் குவிந்துவிட்டார்கள் என்ற ஐயத்துக்கு இடமில்லை.

பயிற்சிக் கட்டத்தில் சாதாரண சாட்பாட் பிரிவினர் பாடநூல் பிரிவினரைவிட 48 விழுக்காடு கூடுதலாகவும், கட்டுப்படுத்தப்பட்ட சாட்பாட் பிரிவினர் 127 விழுக்காடு கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார்கள். ஆய்வு அந்த இடத்திலேயே முடிந்திருந்தால் சாட்பாட்டின் பெரும் வெற்றியாக அது கொண்டாடப்பட்டிருக்கும். பொறி இல்லாத தேர்வில் சாதாரண சாட்பாட் பிரிவினர், சாட்பாட்டையே பார்க்காத பிரிவினரைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். கட்டுப்படுத்தப்பட்ட சாட்பாட் பிரிவினர் பாடநூல் பிரிவினரோடு ஏறத்தாழச் சமமாக நின்றார்கள். இந்தக் கடைசி வரியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது: கவனமாக வடிவமைக்கப்பட்ட பொறியும் அந்தச் சோதனையில் கற்றலைக் கூட்டவில்லை, தீங்கை மட்டுமே நீக்கியது. அந்தக் கணக்குகளுக்குச் சாதாரண சாட்பாட் பாதியளவே சரியான விடை தந்தது என்பதையும், மாணவர்கள் அதனிடம் பெரும்பாலும் விடையையே கேட்டார்கள் என்பதையும் உரையாடல் பதிவுகள் காட்டின. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது வேறொன்று. குறைவாகக் கற்ற பிரிவினர் தாம் குறைவாகக் கற்றோம் என்பதை உணரவே இல்லை. 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான இந்த ஆய்வை, சாட்பாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவர விரும்பும் ஒவ்வொரு நிர்வாகியும் முதலில் படிக்க வேண்டும்.

உணராமல் போவதற்கான காரணம் நினைவாற்றல் ஆய்வுகளில் கிடைக்கிறது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து, ஒரு பகுதியினரை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழானது: படித்தவர்களிடம் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன. மூளை தானே தேடி எடுக்கும்போதுதான் செய்தி அதில் வேரூன்றுகிறது. அந்தத் தேடல் கடினமாக இருப்பதால், கற்கிறோம் என்ற உணர்வு அப்போது குறைவாகவே இருக்கும். ராபர்ட் பியார்க் என்னும் உளவியலாளர் இதை விரும்பத்தக்க கடினம் என்று அழைத்தார். சாட்பாட் தரும் தெளிந்த விடையைப் படிப்பது இரண்டாம் முறை படிப்பதற்கு நிகரானது; புரிந்துவிட்ட நிறைவு உடனே வருகிறது, வாரம் கழிந்தால் அது கரைந்துவிடுகிறது.

கேள்விக்கும் கற்றலுக்கும் உள்ள உறவு ஸ்ரீரங்கத்துக்குப் புதிது அன்று. 13ஆம் நூற்றாண்டில் அங்கே நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரைகளை, ஸ்ரீரங்கத்து வீதியைத் தம் பெயரிலேயே தாங்கிய மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தார். 'ஈடு முப்பத்தாறாயிரப்படி' என்று அது பெயர்பெற்றது. பாசுரத்தின் பொருளோடு, இன்ன இடத்தில் நம்பிள்ளையின் ஆசிரியரான நஞ்சீயர் இன்னது கேட்டார், அவருக்கும் ஆசிரியரான பட்டர் இன்னவாறு விடை சொன்னார் என்பது போன்ற உரையாடல்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. அம்மரபில் பாசுரத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே ஐயம் எழுந்தது. முன்னோர் சொன்ன இன்னொரு பொருளோடு முரண்படுவதைக் கண்ட பிறகே அது ஆசிரியரிடம் வைக்கப்பட்டது. கேட்கத் தகுந்த கேள்வியை உருவாக்குவதற்கே மாணவர் நெடுநேரம் உழைத்திருந்தார், அந்த உழைப்பில்தான் பாதிக் கல்வி முடிந்திருந்தது. வீட்டுப்பாடக் கேள்வியைப் படம் எடுத்துச் செயலிக்கு அனுப்பும் மாணவர் இழப்பது இந்தப் பாதியை.

இருந்தாலும் சாட்பாட்டால் பயன் விளைந்த ஆய்வுகளும் உண்டு, அவற்றையும் அதே கண்டிப்போடு படிக்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரெகரி கெஸ்டினும் சக ஆய்வாளர்களும் 194 இயற்பியல் மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், சாட்பாட் வழியாகக் கற்றவர்கள், கலந்துரையாடலும் செயல்பாடும் நிறைந்த நல்ல வகுப்பில் கற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் இரு மடங்குக்கு மேல் கற்றதாக 2025இல் அறிவித்தார்கள். அந்தச் சாட்பாட்டுக்கு ஒவ்வொரு கேள்வியின் தீர்வும் ஆசிரியர்களால் படிப்படியாக எழுதித் தரப்பட்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு படிக்கு மேல் அது சொல்லாது. ஆனால் கற்றவர்கள் உலகின் மிகத் தேர்ந்த மாணவர்கள். சோதனையும் பாடம் முடிந்தவுடன் நடந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன மிஞ்சியது என்பது அந்த ஆய்விலிருந்து கிடைப்பதில்லை. நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024இல், பள்ளி முடிந்த பிறகு கணினிக்கூடத்தில் ஆசிரியர் மேற்பார்வையோடு ஆறு வாரம் சாட்பாட் வழியாக ஆங்கிலம் கற்ற மேல்நிலை மாணவர்களிடம் ஏறத்தாழ 0.3 திட்டவிலக்க உயர்வை உலக வங்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒப்பிடப்பட்ட மாணவர்களுக்கோ அந்தக் கூடுதல் வகுப்பே இல்லை. ஆகவே உயர்வில் எவ்வளவு சாட்பாட்டுக்கு உரியது, எவ்வளவு கூடுதல் நேரத்துக்கும் ஆசிரியருக்கும் உரியது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

தமிழகத்துக்கு மிக நெருக்கமானதாகக் கருதத்தக்க ஆய்வு வேறு வகையைச் சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட டியூட்டர் கோபைலட் சோதனையில் சாட்பாட் மாணவரோடு பேசவே இல்லை. இணையவழியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பயிற்றுநரின் திரையில் மட்டும் தோன்றி, இந்தத் தவறுக்கு இப்படி ஒரு குறிப்புக் கொடுக்கலாம், இந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்று யோசனை சொன்னது. 900 பயிற்றுநர்களும் 1,800 மாணவர்களும் பங்கேற்ற அந்தச் சோதனையில், உதவி பெற்ற பயிற்றுநரின் மாணவர்கள் பாடத்தில் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 4 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. திறன் குறைந்தவர்களாக மதிப்பிடப்பட்டிருந்த பயிற்றுநரிடம் கற்றவர்களுக்கு உயர்வு 9 புள்ளிகள். அனுபவம் குறைந்தவர் கற்பிக்கும் இடத்தில்தான் பொறியின் பயன் கூடுதலாக வெளிப்பட்டது.

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை நல்ல வளம் பெற்ற பெரிய மொழிகளில் நடந்தவை. ஒரு சாட்பாட் திருச்சி மாவட்டத்தின் தமிழ்வழி வகுப்புக்குள் வரும்போது எழும் சிக்கல்களை அந்த ஆய்வுகளிலிருந்து ஊகிக்க முடியாது. முதலாவது சிக்கல் மொழியைக் கணினி சேமிக்கும் விதத்திலேயே தொடங்குகிறது. இணையத்தில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும், அதிலும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆங்கிலத்தில் 15 பைட்டுகளில் எழுதப்படும் திருச்சிராப்பள்ளி என்ற பெயருக்குத் தமிழில் 17 குறியீடுகள், 51 பைட்டுகள் தேவைப்படுகின்றன. ஆங்கிலப் பக்கங்களைக் கொண்டே சொல்துண்டுகளை வகுத்துக்கொண்ட மொழி மாதிரிகள், தமிழ்ச் சொல்லை அசைக்கும் கீழாக நொறுக்கி வாங்கின. ஒரே செய்தியை எழுத மொழிக்கு மொழி தேவைப்படும் துண்டுகளின் எண்ணிக்கை 15 மடங்கு வரை வேறுபடுவதை 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். துண்டு கூடினால் செலவும் நேரமும் கூடும், ஒரே மூச்சில் படிக்கக்கூடிய பாடத்தின் அளவு குறையும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது, ஒரு சிறு தமிழ்ப் பத்திக்கு முன்பு தேவைப்பட்ட 116 துண்டுகள் 35 ஆகக் குறைந்தன என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது; அதே பத்திக்கு ஆங்கிலத்தில் 24 துண்டுகள். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் இடைவெளி இன்னும் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது, கணினித் துறையினரின் கண்ணில் எளிதில் படாதது. தமிழ்நாட்டுப் பாடநூலில் திசை சாராத அளவுக்கு வேகம் என்றும், திசையோடு கூடியதற்குத் திசைவேகம் என்றும், அது மாறும் வீதத்துக்கு முடுக்கம் என்றும் பெயர். இலங்கையின் தமிழ்ப் பாடநூலில் முதலாவது கதி, இரண்டாவது வேகம், மூன்றாவது ஆர்முடுகல். இரு மரபுகளும் தம்மளவில் சரியானவை. இரண்டும் இணையத்தில் கலந்தே கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக உட்கொண்ட மாதிரி ஒரே விடையில் இரண்டையும் கலந்து எழுதினால், மணச்சநல்லூரில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி கற்கும் இயற்பியலே பிழைபட்டுவிடும். அந்தப் பிழையை இனங்காண அவளுக்கு வழியும் இருக்காது. இதற்கு ஒரு தீர்வு உண்டு: கேள்வி வந்தவுடன் மாதிரி தன் நினைவிலிருந்து எழுதாமல், ஒப்புக்கொள்ளப்பட்ட பாடநூலில் உரிய பகுதியைத் தேடி எடுத்து, அதை முன்வைத்தே விடையை அமைக்கும்படி செய்யலாம். மாணவர்கள் கேட்பதோ ஏட்டுத் தமிழில் அன்று; பேச்சுத் தமிழில், பல வேளைகளில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்த பேச்சுத் தமிழில். பாடநூல் நடைக்கும் அந்த நடைக்கும் பாலம் அமைப்பது தனி ஆய்வாக வளர வேண்டிய துறை; சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்காகத் திரட்டிவரும் பேச்சுத் தரவுகளும் மொழிபெயர்ப்பு மாதிரிகளும் அதற்கு அடித்தளமாக அமையக்கூடியவை.

மொழி சார்ந்த அநீதி ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்டுரையை எழுதியது மாணவரா பொறியா என்று கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பல கல்வி நிறுவனங்களில் புழக்கத்துக்கு வந்துள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகள் பொறி எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டதை 2023இல் வெளிப்படுத்தினார்கள். எளிய சொற்களும் பழகிய வாக்கிய அமைப்புமே அந்தக் கட்டுரைகள் செய்த குற்றம். ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட இத்தகைய மென்பொருளைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஒப்படைப்பு எழுதும் மாணவரின் நடையும் அப்படித்தான் இருக்கும். இத்தகைய மென்பொருளின் சொல்லை மட்டும் நம்பி ஒரு மாணவருக்குத் தண்டனை அளிப்பது எந்தக் கல்லூரிக்கும் தகாது.

சாட்பாட்டும் கல்வியும் என்ற தலைப்பில் உலகெங்கும் வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி கேள்வித்தாள் ஆய்வுகளே. ஃபிரெட் டேவிஸ் 1989இல் வகுத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைப் பின்பற்றி, இக்கருவி பயனுள்ளது என்று நினைக்கிறீர்களா, எளிதாக இருக்கிறதா, தொடர்ந்து பயன்படுத்துவீர்களா என்று மாணவர்களிடம் கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை குறியிடச் சொல்வது இவ்வகை. குறைந்த செலவில், சில வாரங்களில் முடித்துவிடலாம் என்பதால் இம்முறை பரவியிருக்கிறது. துருக்கி மாணவர்கள் தமக்கு நேர்ந்த இழப்பை உணரவில்லை என்ற ஒரே முடிவு போதும், இத்தகைய ஆய்வுகள் கற்றலைப் பற்றி எதையும் சொல்லமாட்டா என்பதற்கு. விருப்பத்தை அளந்துவிட்டுக் கற்றல் என்று தலைப்பிடுவதை நெறியாளர்களும் தேர்வாளர்களும் இனியும் அனுமதிக்கக் கூடாது.

அளக்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி தமிழகத்திலேயே இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையோடு தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலைநேரத்தில் பாடம் சொன்னார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடுதேடிச் சென்று சோதித்து, 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7 திட்டவிலக்கத்துக்கு மேல் பின்னடைவு இருந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்விக்கு உரியது என்பதையும் கண்டறிந்தார்கள். பிள்ளைகளிடம் வகுப்பு பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை; கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஆசிரியப் பயிற்சி இல்லாதவர்கள். ஸ்டான்ஃபோர்டு சோதனையில் அதிகப் பயன் பெற்ற பயிற்றுநர்களின் நிலையில் இருந்தவர்கள். பழைய சட்டாம்பிள்ளையின் இடத்தில் நிற்கும் அத்தகைய தன்னார்வலருக்குப் பின்னால் பொறியை நிறுத்தி, பிள்ளைக்கு அடுத்து என்ன கேள்வி கேட்கலாம் என்று தமிழில் அவருக்கு யோசனை சொல்ல வைப்பதே, பிள்ளையின் கையில் விடை தரும் பொறியைக் கொடுப்பதைவிட, இதுவரை கிடைத்த சான்றுகளோடு பொருந்திவருகிறது.

அதைச் சோதிக்கத் திருச்சியைவிடப் பொருத்தமான நகரங்கள் குறைவு. மொழி மாதிரிகளை இயக்கத் தெரிந்த கணினியாளர்கள் துவாக்குடியில் இருக்கிறார்கள். சோதனையை வடிவமைக்கத் தெரிந்த கல்வியியல், புள்ளியியல் துறையினர் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பாடச் சொற்களைச் சரிபார்க்கத் தமிழ்த்துறைகளும் இயற்பியல் துறைகளும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ்வழிப் பள்ளிகள் ஸ்ரீரங்கத்திலிருந்து துறையூர் வரை பரவியிருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்திருக்கிறது. ஆகவே பெற்றோரிடம் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுவதிலிருந்தே பணி தொடங்க வேண்டும். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பாடநூல் மட்டும், இன்னொன்றுக்கு மாணவரோடு பேசும் சாட்பாட், மூன்றாவதற்குப் பயிற்றுநரோடு பேசும் சாட்பாட் என்று ஒரு பருவம் நடத்தி, முடிவு எதுவாயினும், பயனில்லை என்றே வந்தாலும், அதை முழுமையாக வெளியிட வேண்டும். திருச்சிக் கல்லூரிகளின் துறைத்தலைவர்கள் அடுத்த முனைவர் பட்டத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆய்வின் இறுதித் தேர்வு தமிழில் நடக்க வேண்டும், பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து நடக்க வேண்டும், மாணவர்கள் அதைக் கைபேசி இல்லாமல் எழுத வேண்டும்.